பதில் போட ஓர் ஆள்

மிளகாய்க்கு மூக்குக்கு மேல் கோபம் என்று எல்லோரும் சொல்வார்கள். கூட இருந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அவளுக்குக் கோபம் முதலில் காலில்தான் வரும். யார் மேலாவது மனத்தாங்கல் என்றால், வாயைத் திறப்பதற்கு முன்பே செருப்பை மாட்டிக்கொண்டிருப்பாள். நேரே அந்த ஆளுடைய வாசலுக்குப் போய் நின்று, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பாள். கேட்டு முடித்ததும் பெரும்பாலும் அங்கேயே உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடிப்பாள்.

பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் காரணம் சொல்லாமல் வேறு பெஞ்சுக்கு மாறியபோது, அன்று சாயங்காலமே அவள் வீட்டு இரும்பு கேட்டைப் பிடித்து உலுக்கியவள் இவள். அந்தப் பெண்ணின் அப்பா பயந்துபோய் ஓடிவந்தார். விசாரித்தால், அந்தப் பெண்ணுக்குக் கரும்பலகை சரியாகத் தெரியவில்லையாம், அதனால் முன்னால் போய் உட்கார்ந்தாளாம். இதைப் பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருக்கலாமே என்றார் அவர். அங்கே கேட்டால் நாற்பது பேர் வேடிக்கை பார்ப்பார்கள், இங்கே என்றால் உங்கள் மகள் மட்டும்தான் என்று பதில் சொல்லிவிட்டு வந்தாள். தையல் கம்பெனியில் காஜா எடுக்கிற அவள் அம்மா இந்தக் கதையைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வாள்.

மிளகாய் என்று பெயர் வைத்தவள் வாத்து. ஆஸ்பத்திரி உதவியாளர் பயிற்சிக்காக விடுதியில் தங்கியிருந்தபோது இருவருக்கும் சேர்த்து ஒரே அலமாரி. பாதங்களை இரண்டு பக்கமும் விரித்து நடக்கிறாள் என்று இவள் அவளுக்கு வாத்து என்று வைத்தாள், அவள் இவளுக்குத் திருப்பிக் கொடுத்தாள். வாளியை யார் எடுத்தது, விளக்கை யார் அணைப்பது, உன் ஈரத் துண்டு ஏன் என் கட்டிலில் கிடக்கிறது, எல்லாவற்றுக்கும் சண்டை உண்டு. மாடிப்படியில் நின்றுகொண்டு விடுதியே கேட்கிற மாதிரி கத்துவார்கள். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் எல்லாம் தீர்ந்து, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். மிளகாயின் அப்பாவை லாரி தட்டி, அவர் காலில் கட்டுடன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வாத்து ஒரு பழைய போர்வையைச் சுருட்டிக்கொண்டு வந்து கட்டிலுக்கு அடியில் விரித்துப் படுத்தாள். அவர் வீடு திரும்புகிற வரைக்கும் ஒவ்வொரு ராத்திரியும் அங்கேதான் படுத்தாள். யாரும் அவளை வரச் சொல்லவில்லை. வரட்டுமா என்று அவளும் கேட்கவில்லை.

பயிற்சி முடிந்து ஆளுக்கொரு மூலைக்குப் போனார்கள். வாத்துக்கு நகரத்தின் அந்தக் கோடியில் ஒரு பல் ஆஸ்பத்திரி, சாயங்கால வேலை. தங்கியது அண்ணன் வீட்டில். மிளகாய்க்கு இந்தக் கோடியில் பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளம். ஆபரேஷனுக்குப் போய்வருகிற கத்தரி, இடுக்கி, கத்தி எல்லாவற்றையும் கழுவி, எண்ணி, துணியில் சுற்றி, ஆவி மெஷினில் வேகவைத்து அனுப்புகிற இடம். மூட்டையின் மேல் ஒட்டுகிற டேப்பில் கறுப்புக் கோடு எழும்பினால்தான் சூடு பட்டிருக்கிறது என்று அர்த்தம். எழும்பாவிட்டால் மறுபடியும் உள்ளே. அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஆனால் அங்கே போன் கூடாது. வாசலில் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, தொப்பியும் முகமூடியும் மாட்டிக்கொண்டு உள்ளே போனால், சாப்பாட்டு நேரம் தவிர சாயங்காலம்தான் வெளியே வர முடியும்.

விடுதித் தோழிகள் ஐந்து பேரும் போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அதில் காலையில் எழுந்ததும் எல்லோரும் ‘ஆஜர்’ என்று போட வேண்டும். அதோடு விட்டால் பரவாயில்லை. மத்தியானம் என்ன சாப்பிட்டாய், இப்போது எங்கே இருக்கிறாய், இந்தச் சட்டை நன்றாக இருக்கிறதா என்று நாள் பூராவும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கேட்ட கை ஓய்வதற்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் பெரிய ஆளாகிவிட்டாள் என்று ஒருத்தி ஆரம்பிப்பாள், அவளை விடுங்கள் என்று இன்னொருத்தி முடிப்பாள். ஒருநாள் மிளகாயை விட்டுவிட்டு மற்ற நாலு பேரும் கடற்கரைக்குப் போய்விட்டு வந்தார்கள். காலையில் பேச்செடுத்து, மத்தியானத்துக்குள் முடிவு செய்து, சாயங்காலம் போட்டோவும் போட்டுவிட்டார்கள். முடிவு பண்ணும்போது நீ இல்லையே என்றார்கள் மிளகாயிடம். அவள் எங்கே ஊர் சுற்றவா போயிருந்தாள்? இன்னொருவர் வயிற்றுக்குள் போகப்போகிற கத்தரியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பழைய மிளகாயாக இருந்தால் நாலு வாசலையும் ஒரு சுற்று சுற்றி வந்திருப்பாள். ஆனால் இப்போதெல்லாம் யார் வீட்டுக்கும் சும்மா போக முடிவதில்லை. வரட்டுமா என்று முதலில் போனில் கேட்க வேண்டும். சண்டை போட வரட்டுமா என்று அனுமதி வாங்கிக்கொண்டு போய் யாராவது சண்டை போடுவார்களா? கோபத்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு, படுக்கையில் புரண்டு புரண்டு படுத்தாள்.

வழி சொன்னவள் அவளுடைய அறைத்தோழி. துணி துவைக்கிற மெஷின் கம்பெனி ஒன்றுக்கு அறையில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் பதில் போடுவது அவள் வேலை. ஒருத்தருக்குத் தண்ணீர் ஒழுகும், ஒருத்தருக்குக் கதவு திறக்காது, ஒருத்தர் திட்டுவதற்கென்றே வருவார். ஒரே நேரத்தில் ஆறு பேருக்கு, முகம் மாறாமல், ‘உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது’ என்று தட்டிக்கொண்டிருப்பாள். பாதி வாக்கியங்கள் முன்கூட்டியே எழுதி வைத்தவை, ஒரு பொத்தானை அமுக்கினால் போய் விழும். உன் கணக்கையும் இதிலேயே திறந்து வைத்துவிட்டுப் போ, ஆறோடு ஏழாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள் அவள். கெட்ட மனசில்லை. உதவிதான் செய்தாள்.

மிளகாய் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். யாருக்கு ‘டி’ போட வேண்டும், யாருக்கு எத்தனை இதயம், யார் சட்டையைப் பார்த்தாலும் சூப்பர் என்று சொல்லிவிட வேண்டும். வாத்துக்கு மட்டும் தினமும் சாப்பிட்டியா என்று தவறாமல் கேட்க வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னாள்.

"யாராவது வரேன்னு சொன்னா, இன்னிக்குக் கஷ்டம், ரெண்டு நாள் போகட்டும்னு போட்டுடு. ரெண்டு நாள்ல அவங்களே மறந்துடுவாங்க."

அது உண்மையும்கூட. அந்தக் குழுவில் வரட்டுமா என்பதற்கு இருமலுக்கு உண்டான மரியாதைதான். எல்லோரும் கேட்பார்கள், ஒருத்தியும் வந்தது கிடையாது. அறைத்தோழி அதையும் ஒரு பொத்தானில் ஏற்றி வைத்துக்கொண்டாள். இப்போது ஆஸ்பத்திரியில் போனை அனுமதிக்கிறார்கள் என்று மிளகாய் ஒரு பொய்யையும் குழுவில் போட்டு வைத்தாள். அறைத்தோழிக்கு வீட்டிலிருந்தே வேலை என்பதை யாரிடமும் மூச்சு விடவில்லை.

தோழிகளுக்கு ஒரே சந்தோஷம். இப்போதுதான் நீ எங்கள் பழைய மிளகாய் என்று ஒருத்தி எழுதினாள். எழுதியது யாரோ, வாங்கியது யாரோ. கேட்கிற நமக்கே பற்றிக்கொண்டு வருகிறது. அன்று மிளகாய் அதைப் படித்துச் சிரித்தாள்.

சாயங்காலம் திரும்பியதும் அறைத்தோழி அன்றைய செய்திகளைச் சொல்லுவாள். இன்னாருக்குச் சளி, இன்னாருக்குச் சம்பளம் ஏறியிருக்கிறது, வாத்து வரட்டுமா என்றாள், தள்ளி வைத்துவிட்டேன். முகத்தில் சோப்பைப் போட்டுக்கொண்டே மிளகாய் சரி சரி என்பாள். நூற்றுக்கணக்கில் குவிந்து கிடப்பதை மேலே தள்ளித் தள்ளிப் படிக்க யாருக்குத் தெம்பு இருக்கிறது? உன் வாத்து ரொம்ப சமத்து, எது கேட்டாலும் உடனே பதில் வருகிறது, சண்டையே இல்லை என்று அறைத்தோழி ஒருமுறை மெச்சிக்கொண்டாள். அங்கேயாவது மிளகாய்க்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். வாத்தாவது, சண்டை இல்லாமலாவது!

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பெட்டியைத் திறந்து போனை எடுத்தவள் அந்தப் போட்டோவைப் பார்த்தாள். ஒரு சின்ன அறை. தரையில் பாய். நடுவில் வாத்து, சுற்றிலும் மற்ற மூன்று பேர், ஆளுக்கொரு டீக் கோப்பை. ‘எங்கள் வாத்தின் புது ரூம்’ என்று கீழே எழுதியிருந்தது. அதற்கும் கீழே, பஸ் டிப்போவுக்குப் பின்னால், பச்சைக் கட்டிடம், இரண்டாம் மாடி என்று வாத்து இடத்தையும் போட்டிருந்தாள்.

மிளகாய் வாத்தின் முகத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். அண்ணன் வீட்டை விட்டு வந்திருக்கிறாள், சொல்லவில்லை. அறை பிடித்திருக்கிறாள், சொல்லவில்லை. கடற்கரைக்குப் போனவர்களையெல்லாம் கூப்பிட்டு டீ கொடுத்திருக்கிறாள், ஒரே அலமாரியில் துணி வைத்தவளுக்கு ஒரு வார்த்தை இல்லை. நேற்றுகூடச் சாப்பிட்டேன், நீ சாப்பிட்டாயா என்று ஒட்டிக்கொண்டு பேசியிருக்கிறாள், கள்ளி. இந்தச் சனியனை இனித் தொட்டால் பார் என்று போனைப் பெட்டிக்குள் வீசி அறைந்து சாத்தினாள். மேற்பார்வை அக்காவிடம் போய் அரைநாள் விடுப்பு வேண்டும் என்றாள். முகத்தைப் பார்த்த அக்கா காரணம்கூடக் கேட்கவில்லை.

பஸ் முழுக்கக் கேள்விகளை அடுக்கிக்கொண்டே போனாள். டிப்போவுக்குப் பின்னால் டயர் ஒட்டுகிற கடை, அதை ஒட்டிப் பச்சைக் கட்டிடம். படியில் யாருடைய சைக்கிளோ குறுக்கே கிடந்தது. அதையும் ஒரு திட்டுத் திட்டிவிட்டு ஏறினாள். வெகு காலத்துக்குப் பிறகு கோபம் காலுக்கு வந்திருந்தது. உள்ளுக்குள் ஒரு மூலையில் அது நன்றாகக்கூட இருந்தது.

கதவைத் திறந்த வாத்து அப்படியே நின்றாள். வேலைக்குக் கிளம்ப நேரம் இருந்ததால் தலையில் துண்டு கட்டியிருந்தாள். மெலிந்திருந்தாள்.

"கேக்காம வந்து நிக்கறே" என்றாள்.

மிளகாய் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். போட்டோவில் இருந்த அதே பாய். பஸ்ஸில் அடுக்கிய கேள்விகளையெல்லாம் கொட்டினாள். அந்த மூன்று பேருக்கும் உனக்கும் என்ன உறவு, என் அப்பா கட்டிலுக்கு அடியில் படுத்தவளா நீ, என்னைவிட அவர்கள் உசத்தியாகிவிட்டார்களா என்று மூச்சுவிடாமல் கேட்டாள். வாத்து கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். பதிலுக்குக் கத்துவாள் என்று மிளகாய் எதிர்பார்த்தாள். அவள் கத்தவில்லை.

"உன்னைக் கூப்பிட்டா கஷ்டம்பே" என்றாள் வாத்து. "ரெண்டு நாள் போகட்டும்பே. எதுக்குக் கூப்பிடணும்?"

நான் எப்போது அப்படிச் சொன்னேன் என்று மிளகாய் எகிறினாள். அப்போது ஜன்னல் திண்டில் கிடந்த வாத்தின் போன் கிர்ரென்று அதிர்ந்தது. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். திரையில் மிளகாய் என்று பெயர். ‘என்னடி பண்றே, சாப்பிட்டியா?’ பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம்.

வாத்து போனைப் பார்த்தாள். மிளகாயின் கைகளைப் பார்த்தாள். இரண்டு கையிலும் ஒன்றுமில்லை.

"உன் போன் எங்கே?"

"ஆஸ்பத்திரில. பெட்டில வச்சுப் பூட்டி…"

வாத்து போனை எடுத்தாள். மிளகாய்க்குத் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். ‘இன்னிக்கு உன் ரூமுக்கு வரட்டுமா?’

பதில் உடனே வந்தது. ‘அய்யோ, இன்னிக்குக் கொஞ்சம் கஷ்டம்டி. ரெண்டு நாள் போகட்டுமா? லவ் யூ.’ இரண்டு இதயம்.

வாத்து திரையை மேலே தள்ளிக்கொண்டே போனாள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், நீ, நானும், ஓகே, இதயம், சாப்பிட்டியா, சாப்பிட்டேன். வாரக் கணக்கில் ஓடியது. ஓர் இடத்தில் நிறுத்தி நீட்டினாள். ‘அண்ணன் வீட்டை விட்டுத் துரத்திட்டான். உன் ரூமுக்கு வரட்டுமா?’ அதன் பக்கத்தில், கண்ணில் நீர் வரச் சிரிக்கிற முகம் ஒன்று. அதற்குக் கீழே அதே பதில். எழுத்து மாறாமல், அதே இரண்டு இதயம்.

பிறகு வாத்து சொன்னாள், யாருக்கோ நடந்ததைச் சொல்கிற குரலில். அண்ணன் அவள் போனைப் பிடுங்கிப் பார்த்தான். கூட வேலை செய்கிற ஒருவனிடம் அவள் பேசியதையெல்லாம் அண்ணிக்கு உரக்கப் படித்துக் காட்டினான். அப்புறம் கன்னத்தில் அறைந்து, வெளியே போ என்றான். அவள் போனைத் திருப்பிப் பிடுங்கிக்கொண்டு, கைக்குக் கிடைத்த துணியைப் பையில் திணித்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி மிளகாயின் கட்டிடத்துக்கு எதிரே வந்து நின்றாள். பட்டப்பகல். அங்கே நின்றுகொண்டுதான் அந்த வரியை எழுதினாள். அழுகிற முகம் போட்டால் பிச்சை கேட்கிற மாதிரி இருக்கும் என்று சிரிக்கிற முகத்தைப் போட்டாள். மேலே ஜன்னலில் மின்விசிறி சுற்றியது தெரிந்தது. ஒரு கை வந்து டீ டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனது. மிளகாய் இன்றைக்கு வேலைக்குப் போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறாள், இருந்துகொண்டுதான் வேண்டாம் என்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். பல் ஆஸ்பத்திரியின் சாவி அவளிடம் இருந்தது. அன்றைக்கும் அதற்குப் பிறகு பல நாளும், எல்லோரும் போன பிறகு, நோயாளியைச் சாய்த்து வைக்கிற நாற்காலியில்தான் படுத்தாள்.

மிளகாய்க்கு எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வாத்து வரட்டுமா என்றாள், தள்ளி வைத்துவிட்டேன். சரி சரி. சோப்பு நுரையோடு சொன்ன சரி. அவளுக்கு அறைத்தோழி மேல் கோபம் வரப் பார்த்தது. வந்து எங்கே போய் நிற்கும்? அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? குழு மேல் வந்தது, ஆஸ்பத்திரி மேல் வந்தது, அந்தச் சிரிக்கிற முகத்தின் மேல் வந்தது. கடைசியில் வாத்து மேலேயே திரும்பி வந்தது.

"சத்தியமா அது நான் எழுதலடி. வாசல் வரைக்கும் வந்தியே, ஏறி வந்து கதவைத் தட்ட வேண்டியதுதானே? நீ என்ன வேத்து ஆளா?"

"வேணாம்னு எழுதினவ வீட்டுக் கதவை எப்படித் தட்டறது?"

"இத்தனை நாளா என்கிட்ட நல்லாத்தானே பேசிட்டு இருந்தே?"

வாத்துக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. பார்க்கச் சகிக்காத சிரிப்பு. "நான் எங்கே பேசினேன்? நீ எதாவது அனுப்பினா போனே கீழ மூணு பதில் காட்டுது. முதல்ல இருக்கறதை அமுக்கிடுவேன். படிக்கக்கூட மாட்டேன்."

ஆக, அங்கே ஒரு பொத்தான், இங்கே ஒரு பொத்தான். மிளகாயும் வாத்தும் ஒரு நாள் தவறாமல் நலம் விசாரித்துக்கொண்ட அத்தனை நாளும் மிளகாயும் அங்கே இல்லை, வாத்தும் இல்லை. இவர்கள் இருவரைவிட அந்தப் பொத்தான்கள் ஒற்றுமையாக இருந்திருக்கின்றன. யாரோ செருப்பால் அடித்த மாதிரி இருந்தது மிளகாய்க்கு. அந்த மூன்று பேரையாவது நேரில் பார்த்தாயே என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர்களும் நேரே வந்து கதவைத் தட்டிவிடவில்லை, வீட்டு விலாசம் கேட்டு டிப்போ வாசலில் நின்று போன் அடித்தார்கள், நான் கீழே போய்க் கூட்டிவந்தேன் என்றாள் வாத்து. ஆனால் வந்தார்கள்.

"வேலைக்கு நேரமாச்சு. போ" என்றாள். மிளகாய் நகரவில்லை. வாத்து அவள் தோளைப் பிடித்துத் திருப்பி, வெளியே விட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். விடுதியில் எத்தனையோ தடவை பிடித்துத் தள்ளியிருக்கிறாள். அப்போதெல்லாம் தள்ளுகிற கையில் பலம் இருக்கும். இன்றைக்கு அந்தக் கையில் பலமே இல்லை, அதுதான் மிளகாயைப் பயமுறுத்தியது.

வெளியே நின்றவளின் கை தானாகப் பையைத் துழாவியது. மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி அனுப்பலாம் என்றுதான். போன் எங்கே இருக்கிறது என்று ஞாபகம் வந்ததும் தன் கையையே ஓங்கி ஓர் அடி அடித்துக்கொண்டாள். அப்புறம் அந்தக் கையால் கதவைத் தட்டினாள்.

"யாரு?" என்றது உள்ளேயிருந்து குரல். யார் என்று தெரிந்தே கேட்ட குரல்.

"நான்தான்டி."

"எந்த நான்?"

உள்ளே ஜன்னல் திண்டில் போன் மறுபடியும் கிர்ரென்று அதிர்வது கேட்டது. அவள் பெயரில் இன்னும் ஓர் இதயம் வந்து விழுந்திருக்கும்.

அவள் இரண்டு கையாலும் கதவை இடித்தாள். கீழே டயர் கடைக்காரர் தலையை நீட்டி மேலே பார்த்தார். பார்க்கட்டும் என்று இன்னும் ஓங்கி இடித்தாள்.